சான்றிதழ் கேட்ட அணி

அந்த வசந்தத்தில் என் வேலை, நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஆண்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது. காலையில் ஜெர்மனியின் எசன் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரு தடவை ரயில் மாறி, அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடும் தொழில்முறை அணி ஒன்றின் அலுவலகத்துக்குப் போவேன். பழைய பொருட்கிடங்கு ஒன்றின் மேல்மாடி அது. கீழே வீரர்கள் பளு தூக்குவார்கள். இரும்பு தரையில் விழும்போதெல்லாம் என் தேநீர்க் கோப்பை நடுங்கும்.

புள்ளிவிபரவியல் படித்தவள் என்பதால் எடுத்தார்கள். ஆறு மாதம் சோதனைக்காலம். அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை நேர்முகத்தில் நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர், அம்மா நான்காம் வகுப்போடு. பல்கலைக்கழகம் வரை தனியாகவே வழி கண்டுபிடித்துப் போன எனக்கு, ஒரு விளையாட்டின் விதிகளைப் படிக்க மூன்று வாரம் போதும் என்று நினைத்தேன். போதுமாகத்தான் இருந்தது. விதிகள் புரிந்தன. ஆட்கள்தான் புரியவில்லை.

பந்தை எறிபவரைக் குவாட்டர்பேக் என்பார்கள். அவருக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். அவர்கள் லைன்மேன்கள். மின்கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எதிரணிக்காரர் ஓடிவந்து எறிபவரை விழுத்திவிடாமல் மறிப்பதுதான் இவர்கள் வேலை. பந்து இவர்கள் கைக்கு வராது. புள்ளியும் எடுக்கமாட்டார்கள். ஓடுபவர் எத்தனை மீட்டர் ஓடினார், பிடிப்பவர் எத்தனை தடவை பிடித்தார் என்றெல்லாம் எண்கள் கிடைக்கும். மறிப்பவருக்கு என்ன எண்? ஒன்றும் நடக்காமல் போனால் அவர் நன்றாக விளையாடினார் என்று பொருள். நடக்காதவற்றை எண்ணுவது எப்படி என்று எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

முந்தைய பருவத்தில் எங்கள் எறிபவர் வாராவாரம் விழுத்தப்பட்டு, கடைசியில் தோள் போய் உட்கார்ந்துவிட்டார். எங்கள் லீக்கில் ஓர் அணி சில அமெரிக்கர்களை மட்டுமே வைத்திருக்கலாம். எல்லா அணிகளும் அந்த இடங்களை எறிபவருக்கும் ஓடுபவருக்கும் கொடுத்துவிடும். எங்கள் பயிற்சியாளர் ஒரு இடத்தை லைன்மேனுக்கு என்று ஒதுக்கினார். அவரும் ஒரு காலத்தில் லைன்மேன். ஐம்பது வயது, ஜெர்மன்காரர், இரண்டு முழங்காலும் பழுது. படியேறி வந்ததும் முதலில் ஒரு கதிரையைத் தேடுவார்.

"ஏப்ரல் முடிவில் அமெரிக்காவில் டிராஃப்ட் நடக்கும்," என்றார். "பெரிய அணிகள் பல்கலைக்கழகங்களிலிருந்து முறைவைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுகிறவர்களில் நல்லவர் ஒருவர் எனக்கு வேண்டும். நீ கண்டுபிடி."

"ஒருவர் மட்டுமா?"

"ஒரு இடம்தான் இருக்கிறது."

பெப்ரவரிக்குள் நாற்பது பேரளவில் எங்களுக்கு எழுதியிருந்தார்கள், ஆளுக்கொரு வீடியோவோடு. சனிக்கிழமைகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பார்த்தேன். மேசையின் மறுபாதியில் அம்மா இஸ்திரிப்பெட்டியால் துணி மினுக்குவார். வாரம் முழுவதும் மருத்துவமனைச் சலவைப்பகுதியில் துணியோடு இருப்பவர், சனிக்கிழமையில் எங்கள் துணியோடு இருப்பார்.

"இவர் என்ன செய்யிறார்?"

"மறிக்கிறார்."

"அது தெரியுது. வேற?"

"வேற ஒண்டும் இல்ல, அம்மா."

"ஒருக்காவும் பந்து குடுக்கமாட்டினமோ?"

"மாட்டினம்."

"பாவம். எவ்வளவு சாப்பாடு குடுத்து வளத்த பிள்ளை."

மூன்றாம் சனிக்கிழமையே அம்மாவுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டது. லூசியானாவில், பெயர் அதிகம் வெளியே தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். "அந்தப் பச்சைச் சப்பாத்துக்காரரை இன்னொருக்காப் போடு," என்றார். போட்டேன். மினுக்கும் கை நின்றது. "பாத்தியே, பந்து எறியப் பின்னுக்கு நிக்கிற பிள்ளை இவற்ற பக்கம் திரும்பியும் பாக்கேல்ல. மற்றப் பக்கத்தைத்தான் பாத்துப் பாத்துப் பயப்பிடுது."

"அம்மா, மினுக்கிற சேட்டைப் பாருங்கோ, கருகப்போகுது," என்றேன். என் அட்டவணையில் அப்படி ஒரு நிரல் இல்லை.

என் அட்டவணையில் இருந்தவை: உயரம், எடை, கை நீளம், ஆடிய ஆட்டங்கள், காயங்கள். கடைசியில் 'பட்டம் முடித்தவரா?' என்று ஒன்று.

அந்தக் கடைசி நிரலை யாரும் கேட்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டு அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவங்கள், எல்லாம் நிரப்பியது நான். வதிவிட அனுமதிக்கு, அப்பாவின் வேலைக்கு, எதற்கென்றாலும் 'அப்ஷ்லுஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். என்ன படிப்பை முடித்தீர்கள், சான்றிதழ் எங்கே? அப்பா அதில் ஒரு சிறு கோடு இழுக்கச் சொல்வார். அந்தக் கோட்டுக்குப் பிறகு வந்த பதில்கள் எல்லாம் எனக்குப் பாடம். ஜெர்மனியில் ஒரு வெளிநாட்டவர் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் சான்றிதழ், பிறகுதான் மற்றதெல்லாம் என்பது, தண்ணீர் நனைக்கும் என்பதைப் போல எனக்குத் தெரிந்த விஷயம். யாரிடமும் கேட்டு உறுதிசெய்யத் தோன்றவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே முதல் வேலையாக, பட்டம் முடிக்காத பதினேழு பேரை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். லூசியானாக்காரர் இறுதி ஆண்டில் விட்டுவிட்டு வந்தவர். அவரும் போனார். அவர்களுக்கெல்லாம் மரியாதையான கடிதம் ஒன்று அனுப்பினேன்: உங்கள் தகைமைகள் தற்போது எங்கள் தேவைகளுக்குப் பொருந்தவில்லை, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். கீழே என் பெயர். அச்சில் என் பெயருக்குக் கீழே ஒரு பதவியும் இருப்பதை அன்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மிஞ்சியவர்களில் ஆறு பேரைப் பயிற்சியாளருக்குக் கொடுத்தேன். டிராஃப்ட் முடிந்ததும் அந்த ஆறில் இருவரை அமெரிக்க அணிகள் பயிற்சி முகாமுக்கு அழைத்துக்கொண்டன. மற்ற நால்வரில் மிஷிகன்காரர் ஒருவரைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தார். கட்டடப் பொறியியல் முடித்தவர், நல்ல உயரம், நீளமான கைகள். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் என்று தொலைபேசியில் பேசி முடித்தார்கள். அவரிடம் மூலச் சான்றிதழையே தபாலில் அனுப்பும்படி கேட்டிருந்தேன். கந்தோருக்கு மூலமும் இரண்டு பிரதியும் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

புதன்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டேர்மின், அதாவது சந்திப்பு நேரம். அவரது ஆவணக் கோப்பைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தடித்த தாளில் பொன்னிற முத்திரையோடு இருந்த சான்றிதழ் வந்ததும் நின்றார்.

"இது எதற்கு?"

"பட்டச் சான்றிதழ். மூலம்."

"அது தெரிகிறது. எதற்கு?"

"வதிவிட அனுமதிக்கு."

"தொழில்முறை விளையாட்டு வீரர்தானே? இதை நாங்கள் கேட்பதில்லை. ஒப்பந்தம், காப்புறுதி, சம்மேளனத்தின் கடிதம். அவ்வளவுதான்." சான்றிதழை என் பக்கம் தள்ளினார்.

"எப்போதிருந்து?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரிந்த காலம் முழுக்க."

வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு டிராம் போக விட்டேன். பதினேழு பேரை நான் பட்டியலிலிருந்து எடுத்தது ஒரு காரணமும் இல்லாமல். அந்த ஒரே இடத்துக்கு வெள்ளிக்கிழமை ஒருவர் கையெழுத்துப் போடப்போகிறார். லூசியானாக்காரர்தான் பொருத்தம் என்பது அட்டவணையில் எங்கும் எழுதப்படாமலே எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அவருக்குக்கூட.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அப்பா மரக்கறி மொத்த விற்பனைக் கிடங்கில் விடியற்காலை வேலை முடித்துப் பகலில் தூங்கி எழுந்திருந்தார்.

"அப்ப படிச்சு முடிச்ச பிள்ளைய விட்டுட்டு, படிப்பை விட்டவனை எடுக்கப்போறியளோ?" என்றார்.

"படிப்புத் தேவையில்லையாம், அப்பா."

"இண்டைக்குத் தேவையில்லை எண்டுவினம். நாளைக்குக் கேப்பினம். எனக்கு எத்தினை தரம் உப்பிடிச் செய்தவை."

அம்மா குறுக்கிட்டார். "உங்களுக்கு மறிக்கிறதைப் பற்றி என்ன தெரியும்? ஒரு ஆட்டம் பாத்தனீங்களோ?"

"நீ பாத்தனியோ?"

"நான் பத்துச் சனிக்கிழமை பாத்தனான். அந்தப் பொறியியல் பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா ஒருத்தன் சுத்தி வந்தா அவருக்கு யோசிக்க நேரம் வேணும்."

"யோசிக்கிறது குறையே? படிச்சவன் யோசிப்பான்தான்."

"யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பின்னுக்கு நிண்டவரை விழுத்திப்போட்டாங்களப்பா."

அப்பா சோற்றைக் குழைத்தார். பிறகு என்னிடம், "விட்ட பிள்ளையளுக்கு என்னெண்டு எழுதினனீ?" என்றார். கைபேசியில் எடுத்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். தகைமைகள் தற்போது பொருந்தவில்லை.

"உது எனக்கு வாற கடிதம் மாதிரியெல்லே கிடக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொல்வது போலவும் இருந்தது.

"சொன்னா வேலை போகுமோ?" என்று அம்மா கேட்டார்.

"போகலாம்."

அம்மா எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டார், நான் கேட்காமலே.

அன்றைக்கு எனக்கு வந்த குழப்பம் வேலையைப் பற்றியது மட்டும் அல்ல. அந்த நிரலை அனுமதிக்காகத்தான் போட்டேனா? அல்லது ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அது படித்து முடித்தவருக்குத்தான் போக வேண்டும் என்று எனக்குள் ஏதோ தீர்மானித்ததா? அப்பாவின் பேச்சைக் கேட்டபோது, அது என்னுடைய நியாயம் போலவே ஒலித்தது. என் நியாயத்தை இன்னொருவர் வாயில் கேட்டால் அது ஏன் பிழையாகத் தெரிகிறது என்பதும் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை பயிற்சியாளர் கதிரையில் உட்காரும் வரை காத்திருந்து, லூசியானாக்காரரின் வீடியோவை அவர் முன்னால் போட்டேன். ஒரே ஆட்டக்கட்டத்தை ஆறு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இவர் ஏன் உன் பட்டியலில் இல்லை?"

"நான் எடுத்துவிட்டேன்."

"என்ன குறை?"

"பட்டம் முடிக்கவில்லை."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் இங்கே என்ன விளையாடுகிறோம் என்று உனக்குத் தெரியும்தானே?"

அனுமதி, கட்டம், கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகத்தில் நடந்ததையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

"எறிபவர் இவர் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை," என்று முடித்தேன். "மறு பக்கம்தான் பார்க்கிறார்."

"அதை நீ கண்டாயா?"

"என் அம்மா."

"உன் அம்மா எந்த அணியில் இருக்கிறார்?"

"மருத்துவமனைச் சலவைப்பகுதியில்."

தலையாட்டினார், அது தனக்கு முன்பே தெரிந்த ஓர் அணி என்பது போல. பிறகு மற்றப் பதினாறு பேரையும் பார்க்க வேண்டும் என்றார். பிற்பகல் வரை பார்த்தோம். வேறு யாரையும் அவர் திருப்பிப் போடச் சொல்லவில்லை.

"மிஷிகன்காரருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்," என்றார் முழங்காலைத் தடவிக்கொண்டு. அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் எழும்பவில்லை. கடைசியில், "மற்றவரைக் கூப்பிடு. நீயும் இரு," என்றார்.

இங்கே மாலை நான்கு, அங்கே காலை ஒன்பது. லூசியானாக்காரர் ஒரு மர ஆலையில் வேலையில் இருந்தார். பின்னால் வாள் இயந்திரம் கத்தியது. பயிற்சியாளர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, மெதுவான குரலில், "பெப்ரவரியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது," என்றார். "பொருந்தவில்லை என்று. ஒரு பெண் எழுதியிருந்தார்."

"நான்தான்," என்றேன்.

"எது பொருந்தவில்லை, மேடம்? அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். என் இடது கால் தாமதமாக எழும்புகிறது, அதைத்தான் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்."

பயிற்சியாளர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை," என்றேன். "நீங்கள் பட்டத்தை முடிக்கவில்லை. அது வேண்டும் என்று நான் நினைத்தேன். வேண்டியதில்லை. பிழை என்னுடையது."

அவர், "இரண்டு பாடம் மிச்சம்," என்றார். "நான் முடித்தேனா என்று ஒரு ஃபுட்போல் அணி கேட்டது இதுதான் முதல் தடவை. என் பல்கலைக்கழக அணியே கேட்டதில்லை."

அது குத்தலா, வேறு ஏதாவதா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அவரோடு பழகிய பிறகும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவர் அடுத்ததாகப் பயிற்சியாளரிடம், எப்போது வர வேண்டும் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் மிஷிகன்காரரைத் தானே அழைத்தார். அவரது அறைக் கதவு கண்ணாடி. அந்த அழைப்பு முழுவதும் அவர் நின்றுகொண்டே பேசினார். வெளியே வந்து, "சான்றிதழைத் திருப்பி அனுப்பு," என்றார். என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோடையில் சோதனைக்காலம் முடிந்தபோது வேலை நிரந்தரமானது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

லூசியானாக்காரர் வந்தார். எங்கள் எறிபவர் இந்தப் பருவத்தில் பெரும்பாலும் நின்றபடியே எறிகிறார். பயிற்சியாளர் ஒருநாள், "வீடியோவில் இருந்ததைவிட இவரது இடது கால் எவ்வளவோ வேகம்," என்று வியந்தார். நான் எழுதிய பிழையான கடிதத்தால் வந்த வேகம் அது. அதை எந்த நிரலில் போடுவது? நன்மை என்று எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். எழுதாவிட்டால் கணக்கு பொய்யாகும்.

சான்றிதழை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பதிவுத் தபாலில் மிஷிகனுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். வழக்கமான வாசகம் எதுவும் போடவில்லை. உங்கள் சான்றிதழ் எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை, தேவை என்று சொன்னது என் பிழை, இன்னொருவர் உங்களைவிட நன்றாக மறிக்கிறார் என்பதால்தான் இடம் அவருக்குப் போனது என்று எழுதினேன். எழுதிய பிறகு, அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று சந்தேகம் வந்தது. அதற்குள் தபால்காரர் எடுத்துப் போய்விட்டார்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. சிறியது. சான்றிதழ் வந்து சேர்ந்ததாம். அவருடைய வீட்டில் படித்து முடித்தவர் அவர் ஒருவர்தானாம். அதை அவரது அம்மா வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தாராம். எனக்கு அனுப்புவதற்காகச் சட்டத்திலிருந்து கழற்றியபோது அந்த அம்மா ஒப்பவில்லையாம், இப்போது மறுபடி மாட்டிவிட்டாராம். அடுத்த ஆண்டு உங்கள் அணியில் ஒரு இடம் வந்தால் நான் மறுபடி எழுதலாமா, எழுதினால் அதை மறுபடி கழற்ற வேண்டுமா என்று கேட்டு முடித்திருந்தார்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கழற்ற வேண்டாமெண்டு உடனே எழுது," என்றார். அப்பா, "எழுதலாமெண்டு முதல்ல எழுது," என்றார்.

நான் இன்னும் பதில் எழுதவில்லை, ஒன்பது நாளாகிறது. கழற்ற வேண்டாம் என்பது உண்மை. அதை மட்டும் எழுதினால், வாருங்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். அடுத்த ஆண்டும் ஒரு இடம்தான் இருக்கும். நாற்பது பேர் எழுதுவார்கள். அவரது வீடியோவை நேற்று மறுபடி பார்த்தேன். ஒருவன் சுற்றி வரும்போது அவர் இன்னும் யோசிக்கிறார்.